சிறைக்குப் பதில் சிகிச்சை: பயிற்சியை லாக்கப்பிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: பினாங்கில் வழக்கறிஞராக இருக்கிறேன். சட்ட உதவி மையத்தில் தொண்டூழியமும் செய்கிறேன். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் போதைப்பொருள் வழக்குகளைக் கையாளும் இளம் வழக்கறிஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், மேற்பார்வை அதிகாரிகள் என 24 பேருக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் காலையில் ஒரு மருத்துவர் மூன்று மணி நேரம் மூளையைப் பற்றிப் பேசுவது, பிறகு ஒருவர் சட்டப் பிரிவுகளை விளக்குவது என்று திட்டம் போட்டிருக்கிறோம். நம் மலேசியச் சட்டத்தில் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை என்று கேட்க உண்மையிலேயே வழி இருக்கிறதா? இருந்தால், பயிற்சியில் எதைச் சொல்லித்தர வேண்டும்?

பதில்:

வணக்கம் சகோதரி. வழி இருக்கிறது. ஆனால் அது குறுகலானது, அதன் கதவுகள் சீக்கிரம் மூடிக்கொள்பவை. எந்தக் கதவு எப்போது மூடும் என்று தெரியாத வழக்கறிஞருக்கு மூளையைப் பற்றி மூன்று மணி நேரம் கேட்டு எந்தப் பயனும் இல்லை. மருத்துவருக்கு 50 நிமிடம் போதும். மற்ற நேரம் முழுவதும் ஒரே ஒரு கோப்பைக் கையில் எடுத்து, அந்த மனிதர் லாக்கப்புக்குள் போன மணியிலிருந்து, மூன்றாம் மாதம் அவருடைய சிறுநீர்ப் பரிசோதனை மறுபடி பாசிட்டிவ் ஆகும் நாள் வரை கொண்டு போங்கள்.

அந்தக் கோப்பை இப்படி வைத்துக்கொள்ளலாம். 31 வயது, பினாங்கின் பிறை வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை. இரவு 11 மணிக்குப் பிடிபடுகிறார், சிறுநீரில் மார்பின் (ஹெராயின் உடம்பில் விடும் தடயம்) தெரிகிறது. கையிலோ பையிலோ எதுவும் கிடைக்கவில்லை. மறுநாள் ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படுகிறார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின் கீழ், 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்துக்கு முதல் தடவை 4 நாள், அடுத்து 3 நாள் வரை ரிமாண்ட் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் மருத்துவர் பேச வேண்டும். ஹெராயின் பழகிய உடம்பில், அது நின்றதும் வரும் விலகல் அறிகுறிகள் கடைசியாக எடுத்துக்கொண்டதிலிருந்து 8 முதல் 12 மணி நேரத்தில் தொடங்கி, 36 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், ஐந்தாறு நாளில் தணியும். நம் கோப்பிலுள்ளவர் ரிமாண்டுக்காக நிற்கும்போது அவை தொடங்கியிருக்கும், ரிமாண்ட் நாட்களுக்குள் உச்சத்துக்குப் போகும். ஓயாத கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்சம், விரிந்த கண்மணி, வயிற்றுப்போக்கு எல்லாம் இருக்கும். அந்த நிலையில் இருப்பவர் சீக்கிரம் வெளியே போக எதற்கும் தலையாட்டுவார். அவர் ஒத்துக்கொள்வதைச் சுயநினைவோடு எடுத்த முடிவு என்று எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை. குற்றச்சாட்டைப் படிப்பதற்கு முன்பே வழக்கறிஞர் எழுந்து, "கட்சிக்காரர் விலகல் நிலையில் இருக்கிறார், மருத்துவமனையில் காட்ட உத்தரவிட வேண்டும், இன்று வாக்குமூலம் எடுக்க வேண்டாம்" என்று கேட்க வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக வையுங்கள்.

சியாபு (மெத்தாம்பெட்டமின்) பழகியவர் வேறு மாதிரி இருப்பார். உடம்பு நடுங்காது, தூங்கி வழிவார், மனம் இருண்டிருக்கும், தற்கொலை எண்ணம் வரக்கூடும். கடும் குடிப்பழக்கம் உள்ளவரைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க வேண்டும். மது நின்ற 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் நினைவு குழம்பி உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெராயின் விலகல் ஆளை வாட்டும், சாராய விலகல் ஆளைக் கொல்லும். லாக்கப்பில் "இவன் நடிக்கிறான்" என்று சொல்லப்படும் பலர் இந்த இரண்டில் ஒன்றில் இருப்பவர்கள்.

இனி சட்டம். ஒரே சிறுநீர்க் குப்பியிலிருந்து இரண்டு பாதை பிரிகிறது என்பதைப் பலகையில் பெரிதாக வரைந்து காட்டுங்கள். ஒன்று, 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம். அதன் 15(1)(ஏ) பிரிவின் கீழ்க் குற்றம் சாட்டினால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. அதோடு முடியாது. 38பி பிரிவின்படி, தண்டனை முடிந்ததும் 2 முதல் 3 ஆண்டு மேற்பார்வை. மற்றொன்று, 1983-ஆம் ஆண்டு போதைப் பழக்கத்தினர் (சிகிச்சை, மறுவாழ்வு) சட்டம். 2024 திருத்தத்துக்கு முந்தைய வாசகப்படி சொல்கிறேன். இதன் 3-ஆவது பிரிவு, சந்தேகப்படும் ஒருவரைப் பரிசோதனைக்காக 24 மணி நேரம் வரை வைத்திருக்க அனுமதிக்கிறது. மருத்துவர் சான்று கொடுத்த பிறகு, 6-ஆவது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பலாம், அல்லது வெளியில் இருந்தபடியே ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம்) அதிகாரியின் மேற்பார்வையில் வைக்கலாம். தானாக முன்வந்து சிகிச்சை கேட்க 8-ஆவது பிரிவு இடம் தருகிறது. 2024-இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தி, அடிமையானவர்களோடு போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்களையும் அதற்குள் கொண்டு வந்தது. பழைய அச்சுப்பிரதியை வைத்துப் பயிற்சி நடத்திவிடாதீர்கள். பயிற்சிக்கு முந்தைய வாரம் அரசிதழில் உள்ள வாசகத்தை எடுத்து, 3, 6, 8 பிரிவுகளை மட்டும் நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள்.

எந்தப் பாதையில் போவது என்ற முடிவு பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வெளியே, விசாரணை அதிகாரியின் மேசையிலும் அரசுத் தரப்பு வழக்கறிஞரின் மேசையிலும் எடுக்கப்படுகிறது. அதனால் உங்கள் இளம் வழக்கறிஞர்கள் கற்க வேண்டிய முதல் ஆவணம் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் தணிப்பு வாதம் அல்ல, சிகிச்சைப் பாதையைத் தேர்ந்தெடுக்கும்படி அரசுத் தரப்புக்கு எழுதும் ரெப்ரசென்டேஷன் கடிதம். ரிமாண்ட் காலத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். குற்றச்சாட்டு பதிவான பிறகு எழுதும் கடிதத்துக்கு வேலை இரண்டு மடங்கு.

அடுத்து வருவதை, தயவுசெய்து, எந்தக் காரணத்துக்காகவும் சுருக்கிவிடாதீர்கள். "ஒத்துக்கோப்பா, அபராதம் கட்டிட்டு சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்பது நம் நீதிமன்ற வராந்தாக்களில் சகஜமாகக் கேட்கும் அறிவுரை. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39சி பிரிவு அங்கே காத்திருக்கிறது. 15(1)-இன் கீழ் முன்பு இரண்டு தடவை தண்டனை பெற்றவர், அல்லது மறுவாழ்வு மையத்தில் இரண்டு தடவை சேர்க்கப்பட்டவர், அல்லது இரண்டிலும் ஒவ்வொன்று உள்ளவர் மறுபடி சிக்கினால், 5 முதல் 7 ஆண்டு சிறையும் 3 வரை பிரம்படியும். அப்போது மாஜிஸ்திரேட்டுக்கு 5 ஆண்டுக்குக் கீழே இறங்க இடமில்லை. ஆக, முதல் நாள் மாலை வீட்டுக்குப் போக வைத்த அபராதம் இந்த ஏணியின் முதல் படி. மையத்தில் சேர்ப்பதும் அதே ஏணியில் ஒரு படி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. "சிகிச்சைதானே" என்று கேட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். பயிற்சியில் ஒவ்வொரு கோப்புக்கும், இந்த முடிவுக்குப் பிறகு இவர் ஏணியில் எத்தனையாவது படியில் நிற்கிறார் என்று எழுத வையுங்கள்.

பூட்டிய மையத்தில் வைப்பதும் சிகிச்சையும் ஒன்றல்ல. கட்டாயத் தடுப்பு மையங்களை மூடும்படி 2012 மார்ச்சில் ஐ.நா.வின் 12 அமைப்புகள் கூட்டறிக்கை விட்டன. நம் கோப்பிலுள்ளவருக்கு வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, பழக்கம் ஹெராயின். அரசு சுகாதாரக் கிளினிக்கில் மெத்தடோனும் (ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்து) வெளியில் மேற்பார்வையும் என்பதுதான் இவருக்காகக் கேட்க வேண்டியது. மலேசியாவில் 2005 முதல் மெத்தடோன் கொடுக்கப்படுகிறது.

குற்றச்சாட்டு பதிவான பிறகும் இரண்டு கதவு மிச்சம் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவில், குற்றத் தீர்ப்பைப் பதிவு செய்யாமலே 3 ஆண்டுக்கு மிகாத நன்னடத்தைப் பிணைப்பத்திரத்தில் விடலாம். 294-இல், தீர்ப்பைப் பதிந்துவிட்டுப் பிணைப்பத்திரத்தில் விடலாம். இரண்டும் மாஜிஸ்திரேட்டின் விருப்புரிமை, இரண்டுக்கும் விதிவிலக்குகள் உண்டு, அரசுத் தரப்பு எதிர்க்கும். எதிர்ப்பைத் தாண்ட வேண்டுமானால் கையில் காகிதம் வேண்டும். 1954-ஆம் ஆண்டின் கட்டாய வருகைச் சட்டம் 3 மாதத்துக்கு மிகாத சிறைக்குப் பதிலாக நாளுக்கு 4 மணி நேரம் வரை வேலை வாங்குகிறது. அது சிகிச்சை இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எதிர்ப்பைத் தாண்ட உதவும் அந்தக் காகிதம் என்ன? இங்கே இரண்டு அளவுகோலைத் தனித்தனியாகப் பிடிக்கக் கற்றுத்தர வேண்டும். நோய் எவ்வளவு கடுமை என்பது ஒன்று. மறுபடி குற்றம் செய்யும் அபாயம் எவ்வளவு என்பது மற்றொன்று. நோயை அளக்க உலகச் சுகாதார நிறுவனத்தின் அசிஸ்ட் வினாத்தாள் இருக்கிறது, 10 நிமிட வேலை. போதைப்பொருளுக்கு 0 முதல் 3 வரை குறைவு, 4 முதல் 26 வரை நடுத்தரம், 27-உம் அதற்கு மேலும் கடுமை. 12 மதிப்பெண் எடுத்த கல்லூரிப் பையனுக்கு ஒரு தடவை அமர்ந்து பேசும் குறுகிய ஆலோசனை போதும். அவனைக் கடும் பழக்கத்தினர் நடுவே இரண்டு ஆண்டு உட்கார வைத்தால் படிப்பு போகும், கூடவே புதிய கூட்டாளிகளும் கிடைப்பார்கள். குறைந்த அபாயம் உள்ளவரை அதிக அபாயம் உள்ளவர்களோடு சேர்த்தால் குற்றம் கூடும் என்பது இந்தத் துறையில் நன்றாக நிறுவப்பட்டது. 1989-இல் மயாமியில் தொடங்கிய போதைப்பொருள் நீதிமன்ற முறை பிற்காலத்தில் கற்ற முக்கியமான பாடமும் இதுதான்: தீவிரமான நீதிமன்றக் கண்காணிப்பு இரண்டு அளவிலும் உயரத்தில் இருப்பவர்களுக்கே பலன் தருகிறது.

சிறுநீர் முடிவை மட்டும் வைத்து நோயை அளக்க முடியாது என்பதை மருத்துவர் அழுத்திச் சொல்லட்டும். ஹெராயினின் தடயம் இரண்டு மூன்று நாளில் போய்விடும். சியாபு இரண்டு முதல் நான்கு நாள். தினமும் கஞ்சா புகைத்தவருக்கு நிறுத்திப் பல வாரம் கழித்தும் பாசிட்டிவ் வரலாம். கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவருக்கும் ஓப்பியேட் (ஹெராயின் வகை) சோதனைப் பட்டையில் கோடு காட்டும். எனவே பட்டைச் சோதனையோடு நிற்காமல் ஆய்வுக்கூட உறுதி அறிக்கையைக் கேட்க வேண்டும். மெத்தடோன் அந்தப் பட்டையில் தெரியாது, அதற்குத் தனிப் பட்டை. அதில் கோடு வந்தால் ஆள் மருந்தை ஒழுங்காகக் குடிக்கிறார் என்று பொருள். அதைப் போதைப் பயன்பாடு என்று அறிக்கையில் எழுதும் தவறு மேற்பார்வையில் நேரக்கூடாது.

இப்போது மொழிபெயர்ப்பாளர்கள். அவர்களைப் பின் வரிசையில் உட்கார வைக்காதீர்கள், இரண்டாம் நாள் காலையை அவர்களிடம் கொடுங்கள். குற்றச்சாட்டில் "மெமாசுக்கான் டாடா கெ டாலாம் பாடான்" என்று மலாயில் வரும்போது, அதைப் "போதைப்பொருளை உடலுக்குள் ஏற்றிக்கொண்டாய்" என்று தமிழில் சொன்னால், சியாபுவைப் புகைத்தவர் "நான் ஊசியே போட்டதில்லையே ஐயா" என்பார். மறுக்கிறார் என்று பதிவாகும், அல்லது அதட்டலில் "சரி சரி" என்பார், ஒத்துக்கொண்டதாகப் பதிவாகும். "எந்த வழியிலாவது உட்கொண்டாய்" என்றால் குழப்பம் தீரும். "பெனாகி", "பென்யாலா குனா", "பெங்ஙேடார்" மூன்றும் மூன்று பேர்: அடிமையானவர், தவறாகப் பயன்படுத்துபவர், விற்பவர். மூவருக்கும் "போதைக்காரன்" என்று ஒரே சொல்லைப் போட்டால் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு மகன் என்ன செய்தான் என்றே தெரியாமல் போகும்.

ஒத்துக்கொள்வதன் தன்மையும் விளைவும் புரிகிறதா என்று நீதிமன்றம் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(பி) பிரிவு. "புரியுதா?" என்ற ஒரு சொல்லில் அது முடிந்துவிடக் கூடாது. பயிற்சியில் இதைப் பேசிப் பாருங்கள்: "இதை ஒத்துக்கொண்டால் விசாரணை நடக்காது. 5,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். அது முடிந்த பிறகு 2 முதல் 3 ஆண்டு மேற்பார்வை. பின்னால் மறுபடி சிக்கினால் இந்தப் பதிவு கணக்கில் வரும். நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்." இதை மாஜிஸ்திரேட் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஒரு வாக்கியமும் விடாமல் தமிழில் தர வேண்டும். தானாகச் சட்ட அறிவுரை சேர்ப்பது அவர் வேலையல்ல. ஆனால் ஆளுக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் அதை நீதிமன்றத்திடம் சொல்வது அவர் கடமை.

பிறகு நிபந்தனை எழுதும் பயிற்சி. "சிகிச்சை பெற வேண்டும், இனிப் போதைப்பொருளைத் தொடக் கூடாது" என்று எழுதினால் அது முதல் மாதமே உடையும். எந்தக் கிளினிக், 7 நாளுக்குள் எந்தத் தேதியில் முதல் வருகை, யார் அறிக்கை தருவார், எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை, எது மீறல், முதல் மீறலுக்கு என்ன, இவை அத்தனையும் எழுத்தில் வேண்டும். நம் ஆளுக்கு இரவு ஷிஃப்ட். மெத்தடோனை முதலில் தினமும் கிளினிக்கில் கண்முன்னே குடிக்க வேண்டும். ஆஜராக வேண்டிய நேரமும் மருந்து கொடுக்கும் நேரமும் ஒரே காலையில் மோதினால் அவர் ஏதாவது ஒன்றைத் தவறவிடுவார், எதைத் தவறவிட்டாலும் மீறல். தொலைவில் நிபோங் திபாலில் இருப்பவரைத் தினமும் ஜார்ஜ்டவுனுக்கு வரச் சொல்லும் உத்தரவும் அப்படித்தான். கிளினிக் நேரத்தைத் தொலைபேசியில் கேட்காமல் எந்த நிபந்தனையையும் எழுதாதீர்கள்.

மெத்தடோன் அளவைப் பற்றி வழக்கறிஞருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். முதல் நாள் 20 முதல் 30 மில்லிகிராம், சில நாளுக்கு ஒரு தடவை 5 அல்லது 10 கூட்டி, பெரும்பாலோருக்கு 60 முதல் 120 வரை போய் நிற்கும். அதுவரை பல வாரம் ஆகும், அந்த வாரங்களில் ஹெராயின் பாசிட்டிவ் வருவது எதிர்பார்க்கத்தக்கது. "ஆறு மாதத்துக்குள் மெத்தடோனை நிறுத்த வேண்டும்" என்று உத்தரவில் எழுதச் சொல்பவரைத் தடுத்து நிறுத்துங்கள். அளவும் காலமும் மருத்துவர் முடிவு.

இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதும் மூன்றாம் மாதப் பாசிட்டிவுக்கு. மாற்று வழிகள் பெரும்பாலும் உடைவது இங்கேதான். முதல் கேள்வி: ஆள் மறைத்தாரா, தானாகச் சொன்னாரா? கிளினிக்குக்கு வந்துகொண்டிருக்கிறாரா? வந்துகொண்டிருப்பவருக்குப் பாசிட்டிவ் வந்தால் அது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, அளவு போதவில்லையா என்று. வராமல் இருப்பது, பொய் சொல்வது, மாதிரியை மாற்றிக் கொடுப்பது ஆகியவைதான் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியவை; கண்டிப்பு உடனே வர வேண்டும், சிறியதாக இருக்க வேண்டும், முன்பே அறிவித்ததாக இருக்க வேண்டும். நன்றாக நடப்பதைச் சொல்லிப் பாராட்டுவது கண்டிப்பை விட நான்கு மடங்கு அடிக்கடி இருக்கட்டும். மறு ஆஜரில் மாஜிஸ்திரேட் மூன்று நிமிடமாவது நேரடியாக அவரிடம் பேசும் நீதிமன்றங்களில் பலன் கூடியிருக்கிறது. சிகிச்சை 90 நாளுக்குக் குறைந்தால் பயன் மிகக் குறைவு. இதையும் அரசுத் தரப்பிடம் சொல்லலாம்.

"பயமுறுத்த மூன்று நாள் உள்ளே வைப்போம்" என்று யாராவது கேட்பார்கள். அந்த மூன்று நாளில் மெத்தடோன் நின்றால், வெளியே வந்ததும் பழைய அளவை அப்படியே கொடுக்க முடியாது, மருத்துவர் குறைத்துத் தொடங்க வேண்டியிருக்கும். ஐந்து நாளுக்கு மேல் போனால் முதலிலிருந்து. உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிய நிலையில் பழைய அளவு ஹெராயினை எடுத்துக்கொள்பவர் மூச்சு நின்று சாகலாம். சிறையிலிருந்து வெளிவந்த முதல் இரண்டு வாரம் அதனால்தான் மிக ஆபத்தானது. இது மேற்பார்வை அதிகாரிகள் எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டும்.

ரகசியத்துக்கு ஒரு படிவம் தயாரித்துக்கொள்ளுங்கள். கிளினிக் நீதிமன்றத்துக்குத் தருவது நான்கே தகவல்: வருகை, பரிசோதனை முடிவு, பொதுவான முன்னேற்றம், சிகிச்சையை விட்டு விலகிவிட்டாரா என்பது. யாரிடம் வாங்கினார், யாரோடு புகைத்தார் என்று ஆலோசகரிடம் சொன்னது அங்கேயே நிற்க வேண்டும். அது அரசுத் தரப்புக்குப் போகும் என்ற சந்தேகம் வந்த நாளிலிருந்து யாரும் ஆலோசகரிடம் வாய் திறக்க மாட்டார்கள். படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து.

கடைசியாக, தணிப்பு வாதம். "மனம் வருந்துகிறார், குடும்பத்தைக் காப்பாற்றுகிறார், குறைந்த தண்டனை தருக" என்பதை மாஜிஸ்திரேட் ஒரே காலையில் பத்துத் தடவை கேட்டிருப்பார். அதே இரண்டு நிமிடத்தில் இப்படிச் சொல்ல முடியும்: "31 வயது, முந்தைய தண்டனை இல்லை, மையத்தில் சேர்ந்ததில்லை. அசிஸ்ட் மதிப்பெண் 29, அறிக்கை இணைப்பில் உள்ளது. சுகாதாரக் கிளினிக்கில் வரும் திங்கட்கிழமை பதிவு, கடிதம் இணைப்பில். முதலாளி காலை ஷிஃப்டுக்கு மாற்ற ஒத்துக்கொண்டுள்ளார். மூத்த சகோதரி பிணை நிற்கிறார், இங்கே வந்திருக்கிறார். 173ஏ-இன் கீழ் 18 மாதப் பிணைப்பத்திரம் கோருகிறோம், நிபந்தனை வரைவு இதோ." இதை ஒவ்வொருவரும் எழுந்து நின்று, மலாயில், கடிகாரம் வைத்துச் சொல்லட்டும். 24 பேரை மும்மூன்று பேராக எட்டுக் குழுவாகப் பிரித்தால் ஒன்றரை மணி நேரத்தில் எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்கும்.

பயிற்சி முடிந்ததும் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஆறு வாரம் கழித்து ஒரு மாலை மறுபடி கூடட்டும். ஆளுக்கொரு உண்மைக் கோப்பு, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அழித்துவிட்டு, கொண்டு வரட்டும். ரெப்ரசென்டேஷன் கடிதம் எந்த நாளில் போனது, நிபந்தனை என்ன எழுதப்பட்டது, ஏணியில் ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். சான்றிதழை அன்றைக்குக் கொடுங்கள்.